கின்ஷாசாவின் கிம்பாங்கிஸ்ட் சிம்பொனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன குழு?

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரம் கின்ஷாசா. அங்கே 1994இல் ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய சிம்பொனி இசைக்குழு இது. வாத்தியக்காரர்கள், பாடகர்கள் எல்லோரையும் சேர்த்தால் ஏறக்குறைய 200 பேர். இசை இவர்களுக்குப் பிழைப்பு அல்ல. பகலில் கடை, சந்தை, பட்டறை, மாலையில் ஒத்திகை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊர்மக்களே கூடி வாசிக்கும் இசைக்குழுக்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அங்கெல்லாம் வாத்தியக் கடையும் வாத்தியாரும் முதலில் வந்தார்கள், குழு பின்னால் வந்தது. கின்ஷாசாவில் குழு முதலில் வந்துவிட்டது.

பெயரில் உள்ள 'கிம்பாங்கு' யார்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போனால் மீதிக் கதை வெறும் அதிசயச் செய்தியாகவே நிற்கும். எனவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சிமோன் கிம்பாங்கு 1887இல் கீழ்க் காங்கோவின் ன்கம்பா கிராமத்தில் பிறந்தவர். ஆங்கிலேய பாப்டிஸ்ட் மிஷனில் உபதேசியாராக இருந்தார். 1921 ஏப்ரலில் அவர் நோயாளிகளைக் குணமாக்குகிறார் என்ற பேச்சு பரவியது. ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டு ன்கம்பாவை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். தோட்டங்களில் ஆள் இல்லை, மிஷன் ஆலயங்களில் கூட்டம் இல்லை. ஆண்டுகொண்டிருந்த பெல்ஜியம் பயந்தது.

அவர் வெளிப்படையாக ஊழியம் செய்தது ஐந்து மாதம் சொச்சம்தான். செப்டம்பரில் தாமே பிடிகொடுத்தார். இராணுவ நீதிமன்றம் 1921 அக்டோபர் 3இல் 120 கசையடியும் மரண தண்டனையும் விதித்தது. பெல்ஜிய மன்னர் முதலாம் ஆல்பர்ட் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றினார். அதன்பின் 30 ஆண்டு சிறை. 1951 அக்டோபர் 12இல் எலிசபெத்வில் சிறையிலேயே இறந்தார். அந்த நகரத்தின் இன்றைய பெயர் லுபும்பாஷி.

அவரைப் பின்பற்றியவர்களைக் குடும்பம் குடும்பமாக நாட்டின் வேறு மூலைகளுக்குக் கடத்தினார்கள். அது அரசு செய்த பெரிய தவறு என்றுதான் சொல்ல வேண்டும். போன இடமெல்லாம் இயக்கம் வேர்விட்டது. ஊரில் அவருடைய மனைவி மரீ முயிலு அதை மறைவாகக் காத்துவந்தார். 1959 டிசம்பர் 24இல், விடுதலைக்கு ஆறு மாதம் முன்னால், அரசு சபையை அங்கீகரித்தது. 1969இல் உலகத் திருச்சபைகள் மன்றம் இதைச் சேர்த்துக்கொண்டது. மது கூடாது, புகை கூடாது, நடனம் கூடாது, பலதார மணம் கூடாது. ன்கம்பாவுக்குள் காலணி போட்டு நடக்கக் கூடாது.

ஒரு சபைக்குள் சிம்பொனி எப்படி நுழைந்தது?

நுழைவதற்கு முன்பே வாசல் திறந்துதான் இருந்தது. இந்தச் சபையில் பாட்டு என்பது ஆராதனையின் நடுவே வந்துபோகும் ஒன்று அல்ல. பாடல்களை மனிதர்கள் இயற்றுவதில்லை, அவை மேலிருந்து அருளப்படுகின்றன, கனவிலும் தரிசனத்திலும் கேட்டதை எழுதிக்கொள்கிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. பாடகர் குழுக்கள் உண்டு, குழல் குழுக்கள் உண்டு, சீருடை போட்ட பித்தளை வாத்திய பேண்டும் உண்டு.

காணிக்கைக்கும் வாத்தியம் வேண்டும். 'ன்சின்சானி' என்று ஒரு வழக்கம்: ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று அணி பிரிந்து, பேண்டு முழங்க நடந்துவந்து, யார் அதிகம் போடுவது என்று போட்டி போட்டுக் காணிக்கை செலுத்துவார்கள். நம்மூர் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கலகலப்பு பிடிபடும். ன்கம்பாவில் பல்லாயிரம் பேர் அமரும் ஆலயத்தைச் சபையார் எழுப்பியது இப்படித் திரட்டிய பணத்தால்தான்.

ஆக 1994இல் ஒருவர் வந்து "சிம்பொனி தொடங்குவோம்" என்றபோது, சொன்ன நேரத்துக்கு வருவது, கூட்டமாகப் பயிற்சி செய்வது, ஊதியம் கேட்காமல் உழைப்பது, இல்லாததைக் கூடித் திரட்டுவது எல்லாம் அந்த மக்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்தன. வெளியூர்ச் செய்தியாளர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியை இரண்டு வரியில் தாண்டிவிட்டு உடைந்த வயலினுக்குப் போய்விடுகிறார்கள். வயலின் கதை நல்ல கதைதான், ஆனால் அதை மட்டும் கேட்டால் குழு ஏன் நிலைத்தது என்று விளங்காது.

அந்த ஒருவர் யார்?

அர்மான் டியாங்கியெண்டா. சிமோன் கிம்பாங்குவின் பேரன். அவருடைய தந்தை ஜோசப் டியாங்கியெண்டா, சபை அங்கீகாரம் பெற்ற காலம் முதல் 1992இல் இறக்கும்வரை அதன் ஆன்மிகத் தலைவராக இருந்தவர். சபைக்கு ஒரு சிம்பொனி வேண்டும் என்ற ஆசை தந்தைக்கே இருந்தது.

மகன் விமானி. பயணிகள் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு அந்த வேலை போய்விட்டது. கையில் நேரம் இருந்தது. பியானோ கேள்வி ஞானத்தில் வாசிப்பார். நொட்டேஷன், அதாவது தாளில் எழுதிய இசைக்குறி, படிக்கத் தெரியாது. அதைத் தாமே கற்றார். டிராம்போன், கிட்டார், செல்லோ ஆகியவற்றையும் அப்படியே கற்றார். பிறகு சபையில் தெரிந்தவர்களை இழுத்தார், அவர்கள் தங்கள் நண்பர்களை இழுத்தார்கள்.

1994 என்பது நல்ல நேரமா?

அதைவிட மோசமான நேரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாட்டுக்கு அப்போது ஜயீர் என்று பெயர். அதிபர் மொபுட்டுவின் ஆட்சி உளுத்துப்போயிருந்தது. 1991 செப்டம்பரிலும் 1993 தொடக்கத்திலும் சம்பளம் கிடைக்காத சிப்பாய்களே கின்ஷாசாவைச் சூறையாடினார்கள். 1993 கலவரத்தில் பிரெஞ்சுத் தூதர் கொல்லப்பட்டார். விலைவாசி ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான சதவீதம் ஏறியது. புதுப் பெயரில் நாணயம் அச்சிட்டும் பலனில்லை.

அந்நாட்டில் 'பதினைந்தாவது பிரிவு' என்று ஒரு கசப்பான நகைச்சுவை உண்டு. அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறதாம், "உன் பிழைப்பை நீயே பார்த்துக்கொள்" என்று சொல்கிறதாம். இந்தக் குழுவின் முதல் பத்தாண்டு முழுக்கப் பதினைந்தாவது பிரிவின்படிதான் நடந்தது.

வாத்தியங்கள் எங்கிருந்து வந்தன?

முதலில் வயலின் கற்க வந்தவர்கள் 12 பேர். இருந்த வயலின்கள் ஐந்து. முறை வைத்து வாசித்தார்கள். ஒருவர் இருபது நிமிடம் வாசித்ததும் அடுத்தவர் தோளைத் தட்டுவார். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பயிற்சி செய்வது என்ற பேச்சே இல்லை. கூடி இருக்கும்போது கற்றதுதான் கற்றது.

பழைய பொருள் விற்கும் கடைகளில் சில கிடைத்தன: கழுத்து ஒடிந்தவை, பலகை பிளந்தவை, முளை இல்லாதவை. சில நன்கொடையாக வந்தன. தந்தி அறுந்தால் வாங்கிக் கட்ட ஊரில் கடை இல்லை. சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டினார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வயலினின் மிக மெல்லிய, உச்ச சுரத் தந்தி இன்று உலகெங்கும் எஃகுதான். கம்பியைக் கட்டியவருக்கு அந்தச் சாஸ்திரம் தெரிந்திருந்ததோ இல்லையோ, கை சரியான பொருளைத்தான் தேடிப் போயிருக்கிறது. தடித்த கீழ்த் தந்திகளின் இடத்தில் பிரேக் கம்பி என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதை வாசித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. குழுவின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வயலினைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, அதைப் பார்த்துப் புதிதாகச் செய்யக் கற்றார். வயலினில் நின்றுவிடவில்லை. அளவைப் பெருக்கி வியோலா, செல்லோ, ஆள் உயர டபுள் பாஸ் வரை போனார். டபுள் பாஸை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது வயலினை வரவழைப்பது போல அல்ல. பெட்டியே ஆளைவிடப் பெரிது, கப்பல் கூலியே சொத்தைக் கேட்கும். உள்ளூரில் செய்ததால்தான் குழுவுக்கு அடித்தளமே அமைந்தது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே நான்கு பாகையில் இருக்கும் ஊரின் ஈரக் காற்றில் பசை விட்டுப்போவதும் மரம் வளைவதும் ஓயாத தொல்லை. செய்தவர் பக்கத்திலேயே இருந்தால் செப்பனிடுவதும் எளிது.

கின்ஷாசாவுக்கு இந்தக் கைவண்ணம் புதிதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே நகரத்தின் 'கொனோனோ நம்பர் 1' குழு பழைய கார் உதிரிபாகங்களின் காந்தத்தை எடுத்து மைக் செய்து உலகம் சுற்றியது.

சொல்லிக்கொடுத்தது யார்?

தெரிந்தவர் தெரியாதவருக்கு. ஒரு பாடம் முன்னால் போனவர் அடுத்தவருக்கு ஆசிரியர். இசைத்தாள்களைக் கையால் நகலெடுத்தார்கள். பின்னாளில் வெளிநாட்டு இசைக்கலைஞர்கள் வந்து பட்டறைகள் நடத்தினார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த இரண்டு பாடகர்கள் பாடகர் குழுவுக்குக் குரல் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வந்தபோது குழு எழுந்து நடக்கத் தொடங்கிப் பல வருடம் ஆகியிருந்தது.

உறுப்பினர்கள் எப்படிப்பட்டவர்கள்? சம்பளம் உண்டா?

சம்பளம் இல்லை. விடியற்காலையில் சந்தையில் ஆம்லெட் போட்டு விற்றுவிட்டு மாலையில் செல்லோ வாசிக்கும் பெண் இருக்கிறார். முடிதிருத்துவது, மின்வேலை, வியோலா என்று மூன்றையும் பார்ப்பவர் இருக்கிறார். கைக்குழந்தையோடு ஒத்திகைக்கு வரும் தாய்மார் இருக்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள் ஒத்திகை. பஸ் காசு இல்லாமல் ஒன்றரை மணி நேரம் நடந்து வந்து, அதே தூரம் நடந்து திரும்புபவர்கள் உண்டு. பெரும்பாலோர் சபையைச் சேர்ந்தவர்கள்.

ஒத்திகை நடுவில் மின்சாரம் போனால்?

வாசிப்பு நிற்காது. மனப்பாடம் ஆன பகுதி என்றால் இருட்டிலேயே தொடர்வார்கள். மேலே சொன்ன மின்வேலைக்காரர் வியோலாவை வைத்துவிட்டுக் கம்பியைச் சரிபார்க்கப் போவார்.

போர்க் காலத்தில் என்ன ஆயிற்று?

1997 மே மாதம் கிளர்ச்சித் தலைவர் லோரன் கபிலாவின் படை கின்ஷாசாவுக்குள் வந்தது, மொபுட்டு ஓடினார், நாட்டின் பெயர் மாறியது. 1998 ஆகஸ்டில் இரண்டாம் போர். கிளர்ச்சிப் படை இங்கா அணையைப் பிடித்து, தலைநகருக்கு வரும் மின்சாரத்தையே நிறுத்தியது. 2001 ஜனவரியில், அதிபராகியிருந்த கபிலா தம் மெய்க்காவலன் கையால் சுடப்பட்டு இறந்தார். இத்தனைக்கும் இடையில் குழு கலையவில்லை.

உலகத்துக்கு எப்போது தெரிந்தது?

தொடங்கிப் பதினாறு ஆண்டு கழித்து. கிளாவுஸ் விஷ்மன், மார்ட்டின் பேர் என்ற இரண்டு ஜெர்மானியர் எடுத்த 'கின்ஷாசா சிம்பொனி' ஆவணப்படம் 2010 பெர்லின் திரைப்பட விழாவில் வந்தது. 2012இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில் காட்டியது. 2014இல் குழு பிரிட்டனுக்குப் போய் வாசித்தது. கடவுச்சீட்டு, விசா, விமானக் கட்டணம் என்று இத்தனை பேரைக் கிளப்புவது எளிதல்ல. அதனால் குழுவை நேரில் கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்றும் கின்ஷாசாக்காரர்கள்தான்.

பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி ஏன் இவர்களோடு சேர்த்தே பேசப்படுகிறது?

ஆவணப்படம் அதன் ஒத்திகையைப் பின்தொடர்ந்து, திறந்தவெளிக் கச்சேரியில் முடிகிறது. அது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் படைப்பின் அமைப்பு. முதல் மூன்று பகுதிகள் வாத்தியம் மட்டும். நான்காவதில் பாடகர் குழு எழுந்து பாடுகிறது. பெரிய பாடகர் குழு கைவசம் உள்ள ஒரு சபைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றைத் தேட முடியாது. சிக்கல் வரிகளில் இருந்தது. லிங்காலாவும் கிகோங்கோவும் பிரெஞ்சும் புழங்கும் நாவுகள் ஷில்லரின் ஜெர்மன் கவிதையை அசை அசையாகப் பிரித்துப் பழக வேண்டியிருந்தது.

இதில் ஒரு சுவையான சுற்று இருக்கிறது. 1813இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஃபில்ஹார்மோனிக் சங்கம்தான் புதிய சிம்பொனி ஒன்றுக்காக 1822இல் பீத்தோவனுக்கு 50 பவுண்டு கொடுக்க ஒத்துக்கொண்டது. அதிலிருந்து பிறந்தது ஒன்பதாவது. 1824 மே 7இல் வியன்னாவில் அரங்கேறியது. அந்தச் சங்கம் பின்னர் 'ராயல்' பட்டம் பெற்றது. தன் 200ஆம் ஆண்டான 2013இல் அது அர்மான் டியாங்கியெண்டாவைக் கௌரவ உறுப்பினர் ஆக்கியது.

வேறென்ன வாசிக்கிறார்கள்?

மொசார்ட்டின் ரெக்வியம் (இறந்தோருக்கான பூசை இசை), கார்ல் ஓர்ஃபின் 'கார்மினா புரானா' போன்றவை. பாடகர் குழுவுக்கு வேலை இருக்கும் படைப்புகள் மீது இவர்களுக்கு ஒரு கண். 'கார்மினா புரானா'வின் பாதிப் பாடல்கள் மதுக்கடையையும் சிற்றின்பத்தையும் பற்றியவை. மதுவைத் தொடாத சபையார் அதை லத்தீனில் முழங்குவதைக் கேட்டு நான் கொஞ்சம் சிரித்திருக்கிறேன்.

சொந்த இசை இல்லையா?

உண்டு. அர்மான் தாமே இசையமைக்கிறார். சபைப் பாடல்களின் மெட்டுகளும் காங்கோ முரசுகளின் தாளமும் அவருடைய படைப்புகளில் வருகின்றன.

தாத்தாவைச் சிறையில் வைத்தவர்களின் இசையைப் பேரன் வாசிப்பது முரண் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். கேள்வி தவறில்லை, ஆனால் கேட்கும் விதத்தில் ஓர் இடறல் இருக்கிறது. கின்ஷாசாவின் பெருமையான ரும்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டாரும் சாக்ஸபோனும் வெளியிலிருந்து வந்தவை. தாளமோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் கியூபாவுக்குப் போய், இசைத்தட்டில் ஏறித் திரும்பி வந்தது. அதை யாரும் கடன் வாங்கிய இசை என்று சொல்வதில்லை. 2021இல் யுனெஸ்கோ மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கிட்டாருக்குக் கேட்காத கேள்வியை வயலினுக்கு மட்டும் ஏன் கேட்கிறோம்?

அதோடு, கிம்பாங்கு இயக்கம் செய்ததே இந்த மாதிரிக் காரியம்தான். மிஷனரிமார் கொண்டுவந்த வேதத்தை வைத்துக்கொண்டு, மிஷனரிமாரின் அனுமதி இல்லாமல், ஆப்பிரிக்கர் தலைமையில் சபை நடத்தினார்கள். அதற்காகத்தான் 30 ஆண்டு சிறை. பேரன் பீத்தோவனை எடுத்துக்கொண்டதில் தாத்தாவுக்கு எதிராக எதுவும் எனக்குத் தெரியவில்லை.

'உலகத்தின் ஒரே கறுப்பர் சிம்பொனி' என்கிறார்களே?

விளம்பர வாசகம். தலைப்புகளில் அடிக்கடி வந்ததால் உண்மைபோல் ஆகிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் சோவெத்தோவில் 1990களிலிருந்தே 'பஸ்கெய்ட்' தந்தி வாத்தியக் குழு இயங்குகிறது. அது முழு சிம்பொனி அல்ல என்று வாதிடலாம். பெரும்பான்மையும் கறுப்பின, சிறுபான்மை இனக் கலைஞர்கள் வாசிக்கும் 'சினெகே!' 2015இல் லண்டனில் வந்தது. கின்ஷாசா குழுவுக்கு இந்தப் பட்டம் தேவையும் இல்லை.

வெனிசுவேலாவின் 'எல் சிஸ்தெமா' போன்றதுதானே?

இரண்டிலும் ஏழ்மையும் வயலினும் இருப்பதால் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். எல் சிஸ்தெமா 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரெயு தொடங்கியது. அவர் பொருளாதார வல்லுநர், அரசாங்கத்தின் வழி அறிந்தவர், பின்னாளில் அமைச்சராகவும் இருந்தார். எண்ணெய்ப் பணம் உள்ள அரசு, ஆட்சிகள் மாறினாலும் அதற்குப் பணம் கொடுத்தது. நோக்கம் குழந்தைகள். கின்ஷாசாவில் அரசும் இல்லை, எண்ணெய்ப் பணமும் இல்லை, வாசிக்க வந்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து, முப்பது வயதுக்கு மேல் முதன்முறை வில்லைப் பிடிப்பது வேறு வகைப் பிடிவாதம்.

நேர்மையாகச் சொல்லுங்கள், நன்றாக வாசிக்கிறார்களா?

பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வயலின்கள் உச்ச சுரங்களில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், வேகமான இடங்களில் விளிம்பு மழுங்கும். பாடகர் குழு வேறு கதை. பல ஆண்டு சபையில் பாடிய குரல்கள் அவை; ஒன்பதாவதின் கடைசிப் பகுதியில் அவர்கள் எழுந்ததும் வாத்தியங்களுக்கும் தைரியம் வந்துவிடுகிறது. பித்தளைப் பிரிவும் என் காதுக்குத் தெம்பாகவே கேட்கிறது, பேண்டு மரபு பின்னால் இருப்பதாலோ என்னவோ. "இவ்வளவு கஷ்டத்தில் வாசிக்கிறார்களே" என்று மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவது அவர்களுக்கு மரியாதை அல்ல. ஒத்திகையில் அர்மான் ஒரே அடியை எத்தனை முறை திரும்ப வாசிக்கச் சொல்கிறார் என்று பார்த்தால், அவரே கூட்டிப் போடுவதில்லை என்று தெரியும்.

கேட்க வேண்டுமானால் எதில் தொடங்கலாம்?

கச்சேரிப் பதிவுக்கு முன் ஆவணப்படத்தின் ஒத்திகைக் காட்சிகளைப் பாருங்கள். தெருச் சத்தமும் வாகன ஹாரனும் கலந்தே வரும், அதைப் பொருட்படுத்தாமல் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு '60 மினிட்ஸ்' பகுதி. அதன்பின் சிம்பொனியை விட்டுவிட்டு, கிம்பாங்கிஸ்ட் சபையின் பித்தளை பேண்டையும் பாடகர் குழுக்களையும் தேடிக் கேளுங்கள். யூடியூபில் நிறைய இருக்கின்றன, பலவும் யாரோ கைப்பேசியில் எடுத்தவை. அதைக் கேட்டுவிட்டு ஒன்பதாவதின் கடைசிப் பகுதிக்குத் திரும்பினால் பாடகர் குழு வேறு மாதிரி கேட்கும்.